தம்பியிடம் முடியாது என்று சொல்லிவிட்டு வந்த பயணம்

சிறையில் இருக்கும் உறவைப் பார்க்க மலாக்கா போகிறவர்கள் அதைப் பற்றி எழுதுவதில்லை. முதல் முறை போனபோது விவரம் கேட்கக்கூட ஆளில்லாமல் அலைந்தேன். அதனால் எழுதுகிறேன். என் தம்பி சுரேஷ், உடன் வேலை பார்த்த பெண்ணைப் பாலியல் வன்கொடுமை செய்து சிறைக்குப் போனவன். விடுதலை நெருங்குகிறது, நேரில் பேச வேண்டும் என்று சொல்லியனுப்பியிருந்தான். தைப்பூசம் முடிந்த வாரம் கிளம்பினேன்.

எங்கள் ஊர் ஈப்போவிலிருந்து பஸ் ஐம்பது வெள்ளி (ரிங்கிட்), ஐந்து மணி நேரம். மலாக்காவில் காஜா பெராங் பகுதியில் எழுபது வெள்ளிக்கு அறை எடுத்தேன். பழைய அறைதான், ஆனால் சுத்தம். சிறையில் காலையிலேயே பதிவு செய்ய வேண்டும் என்பதால் முதல் நாளே வந்துவிடுவது நல்லது.

மறுநாள் கிரேப் வாடகைக் கார் ஓட்டி வந்தவர் மலாக்கா செட்டி, தலைமுறைகளாக மலாய் பேசும் தமிழ் வம்சம். தமிழ் வராது. யாரைப் பார்க்கப் போகிறீர்கள் என்று மலாயில் கேட்டார். தம்பியை என்றேன். அதற்கு மேல் கேட்கவில்லை, வானொலியை மட்டும் குறைத்தார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சுரேஷ் மெலிந்து உட்கார்ந்திருந்தான். தொலைபேசியை எடுத்ததும் வகுப்பைப் பற்றித்தான் பேசினான். உள்ளே சமூகத் திறன் பயிற்சி கொடுக்கிறார்கள். பேச்சை எப்படித் தொடங்குவது, எங்கே நிறுத்துவது, கோபம் வந்தால் என்ன செய்வது என்று இரண்டிரண்டு பேராக நடித்துப் பழக வேண்டுமாம்.

"ஸ்கூல் பிள்ளைங்க மாதிரிதான் லா அக்கா. ஒருத்தவங்க முகத்தத் திருப்பிக்கிட்டா அதுவும் வேணாம்னுதான் அர்த்தம்னு சொல்லிக் குடுத்தாங்க."

"அந்தப் பொண்ணு வாயத் தொறந்தே சொல்லுச்சேடா."

தலையைக் குனிந்துகொண்டான். "ஆமாக்கா. சொன்னாங்க. நான்தான் கேக்கல."

பிறகு, "வெளிய வந்து ஒங்க வீட்டுல இருக்கட்டுமாக்கா?" என்றான்.

"முடியாதுடா. அந்தப் பொண்ணு எங்க வீடிருக்கிற தாமான்லதான் குடியிருக்கு. இன்னும் பொழுது சாஞ்சா வெளிய வர மாட்டேங்குது. நீ அங்க வரக்கூடாது."

சின்ன வயதிலிருந்தே முடியாது என்றால் கதவை உதைப்பவன். இப்போதும் தொலைபேசியைப் பிடித்திருந்த கை இறுகியது. மூச்சை இழுத்து விட்டான். பாடம் சொல்வதுபோல் உதடு அசைந்தது.

"சரிக்கா. வெளங்குது. வேற எடம் கேட்டுப் பாக்குறேன்."

காலையில் வந்த அதே காரில் ஏறி அழுதேன். ஓட்டுநர் வண்டியை எடுக்காமல் காத்திருந்தார். அந்த ஒரு 'சரி'யை அன்றைக்கு அந்தப் பெண்ணிடம் சொல்லியிருக்கலாம். சொல்லிக்கொடுக்க ஒரு சிறை வேண்டியிருந்தது.

போகிறவர்கள் அடையாள அட்டையை மறக்காதீர்கள். சமைத்து எடுத்துப் போகாதீர்கள், உள்ளே விடமாட்டார்கள். வீட்டுக்கு வரட்டுமா என்று கேட்டால் என்ன சொல்வது என்பதை முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். எதிரில் உட்கார்ந்து யோசிக்க முடியாது. விடுதலையாகிறவர்கள் தங்க இல்லம் உண்டா என்று அதிகாரியிடம் கேளுங்கள். நானும் கேட்டேன். ஈப்போ பக்கம் இல்லையாம், தூரத்தில்தான் கிடைக்கும் போலிருக்கிறது. அவன் வெளியே வந்த பிறகும் அவனைப் பார்க்க நான்தான் பஸ் ஏற வேண்டும்.