ஹெச்.ஓ.டி. பெயரில் ஒரு கெர்னல்

காலை ஒன்பதரைக்கு ஸ்கிரீனில் 'Kernel panic' என்று வந்து மெஷின் நின்றுவிட்டது. பத்தரைக்கு அங்கீகாரக் குழு வருகிறது. மைசூரில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரி லேபில் இன்ஸ்ட்ரக்டராகச் சேர்ந்து இரண்டு வருடமாகியும் நான் ப்ரொபேஷனில்தான் இருந்தேன். வேலை நிரந்தரமாக வேண்டுமானால் எங்கள் துறைத் தலைவர், அதாவது ஹெச்.ஓ.டி., கையெழுத்துப் போட வேண்டும். பேனிக் ஆனது அவர் செய்த கெர்னல்.

தொண்ணூறுகளின் கடைசி அது. ஒரே டிஸ்கில் விண்டோஸும் லினக்ஸும் இருக்கும். மெஷினை ஆன் செய்ததும் எதற்குள் போவது என்று கேட்கும் புரோகிராம் லிலோ. லினக்ஸின் மையப் பகுதிதான் கெர்னல். அதை மூல நிரலிலிருந்து கம்பைல் செய்து, ஃபைலுக்குப் பெயர் வைத்து, lilo.conf-இல் அந்த ஃபைலையும் மெனுவுக்கு ஒரு லேபிளையும் எழுத வேண்டும். நான் vmlinuz-2.0.36-scsi என்று வைப்பேன். பதிப்பும் டிரைவரும் பார்த்தாலே தெரியும். ஹெச்.ஓ.டி. வைத்தவை vmlinuz.new, vmlinuz.newnew, vmlinuz.final, vmlinuz.final2.

லேபிளில் அவருக்குத் தன் பெயர் வேண்டும். ஸ்ரீநிவாசமூர்த்தி, ஆங்கிலத்தில் பதினைந்து எழுத்து. லிலோ ஏற்பதும் பதினைந்துதான். முன்னால் டாக்டர் சேர்க்க இடமில்லை.

"எட்டு வருஷம் கஷ்டப்பட்டு வாங்கின டாக்டரேட்மா! அதை விடச் சொல்றியா? பேடா, பேடா!"

மூன்று தலைமுறையாக மைசூரில் இருக்கும் தமிழர். கோபம் வந்தால் கன்னடமும் வரும்; பேடா என்றால் வேண்டாம். கடைசியில் பெயரைத் தியாகம் செய்தார். DrHOD என்று முடிவாயிற்று. மெனுவில் அதுதான் முதலில். என் கெர்னல் சீனியாரிட்டிப்படி கடைசியில்.

இடத்தை அடைக்கிறது என்று அவர் தன் கெர்னலிலிருந்து நீக்கியவற்றோடு, டிஸ்கைப் படிக்க வேண்டிய டிரைவரும் போய்விட்டது. அன்று காலை மெஷின் நின்றது அதனால்தான்.

"அந்த பேனிக்னு வர்றதை மட்டும் மறைச்சுடலாமா, நோடம்மா, கொஞ்சம் பாரும்மா."

"முடியாது சார். டிஸ்க் இருக்கிறதே அதுக்குத் தெரியலை."

கடைசியில் கிடந்த என் கெர்னல் வழியாக உள்ளே போனேன். lilo.conf-இல் DrHOD லேபிளுக்கு என் கெர்னல் ஃபைலை எழுதி, லிலோவை மறுபடி ஓட்டினேன். மறுபடி ஆன் செய்ததும் மெஷின் DrHOD என்ற பெயரிலேயே எழுந்தது. ஹெச்.ஓ.டி. டையைச் சரிசெய்துகொண்டார்.

குழுத் தலைவர் விவரம் தெரிந்தவர். "இது நானே செய்த கெர்னல்" என்று ஹெச்.ஓ.டி. சொல்லி முடிப்பதற்குள், ஓடும் கெர்னலின் விவரம் காட்டும் /proc/version-ஐத் திறந்துவிட்டார். கம்பைல் செய்தவரின் லாகின் பெயரும், @ தாண்டி மெஷினின் பெயரும் அதில் இருக்கும். பதற்றத்தில் அதை நான் மறந்தே போயிருந்தேன். vasantha@lab3.

"யாரு ஈ வசந்தா?" என்று கன்னடத்தில் கேட்டார்.

ஹெச்.ஓ.டி. கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. "நம்ம மெஷின் ஹெசரு சார்" என்றார். மெஷினின் பெயராம்!

தலைவர் என் பக்கம் திரும்பினார். "நிம்ம ஹெசரு ஏனம்மா?"

என் பெயரைத்தான் கேட்டார். ஹெச்.ஓ.டி. என்னையே பார்த்தார். கையெழுத்துக்காக அவர் மேஜையில் கிடந்த என் ப்ரொபேஷன் ஃபைல் நினைவுக்கு வந்தது.

"லேப் இன்ஸ்ட்ரக்டர், சார்" என்றேன்.

அந்த மாதமே வேலை நிரந்தரமாயிற்று. வீட்டில் கேசரி கிளறினார்கள்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு: கெர்னல் ஃபைலின் பெயரில் பதிப்பு எண் இருக்கட்டும். எழுந்து நிற்கிற பழைய கெர்னலை மெனுவிலிருந்து எடுக்காதீர்கள். lilo.conf-இல் கை வைத்தால் லிலோவை மறுபடி ஓட்டுங்கள். யாராவது உங்கள் பெயரைக் கேட்டால், பெயரைச் சொல்லுங்கள்.