அத்தான் வாக்குக் கொடுத்த வாரம்

வெளிநாட்டில் வேலை செய்பவன் ஊருக்கு வந்தால் கஷ்டத்தைச் சொல்ல வேண்டும். திருகோணமலையில் அப்படித்தான் எதிர்பார்க்கிறார்கள். தனிமை, வெயில், காய்ந்த பாண் சாப்பாடு என்று ஏதாவது ஒன்றைச் சொன்னால் கேட்டவர்கள் திருப்தியோடு எழுந்து போவார்கள். நான் சொல்வதில்லை. மேற்கு அவுஸ்திரேலியாவின் வடக்கே ஓர் இரும்புச் சுரங்கத்தில் டம்ப் லொறி ஓட்டுகிறேன். இரண்டு வாரம் வேலை, ஒரு வாரம் ஓய்வு. ஓய்வு தொடங்கும் நாளில் கம்பெனி எங்களை விமானத்தில் ஏற்றிப் பேர்த் நகரத்தில் இறக்கிவிடும். அந்த வாரத்தில் என்ன செய்கிறீர்கள் என்று கேட்பவர்களுக்கு உள்ளதைச் சொல்கிறேன். கிரிக்கெட் விளையாடுகிறேன். கார் எடுத்துக்கொண்டு ஊர் பார்க்கப் போகிறேன்.

"வேற?" என்பார்கள்.

"வேற ஒண்டுமில்லை."

பயணக் கட்டுரைகள் நிறைய வாசித்திருக்கிறேன். அவற்றில் ஊர் சுற்றுகிறவர்கள் பேராசிரியர்களும் பத்திரிகைக்காரர்களும் வசதியான வீட்டுப் பிள்ளைகளும்தான். லொறிக்காரன் அவர்களுடைய பெட்டியைத் தூக்கி வைக்க வருவான், அல்லது வழி சொல்ல வருவான். அவனும் ஒருநாள் கடலைப் பார்க்கப் புறப்பட்டான் என்று எழுதிய புத்தகம் என் கைக்கு வரவில்லை. அதனால் நானே எழுதிவைக்கிறேன்.

இங்கே எழுதப்போவது ஒரு மத்தியானச் சாப்பாட்டைப் பற்றி. பங்குனி உத்தரத்துக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை, உள்துறைமுகத்துக்குப் பக்கத்திலுள்ள அக்கா வீட்டில் நடந்தது. சனிக்கிழமை என்று அக்கா இப்போதும் சாதிக்கிறார். சனியில் அக்கா வீட்டில் மரக்கறிதான். அன்றைக்கு மேசையில் கணவாய்க் கறி இருந்தது. ஆகவே ஞாயிறு.

மேசையில் நாங்கள் நான்கு பேர். அக்கா, அத்தான், என் மனைவி, நான். மகள் வகுப்புக்குப் போயிருந்தாள். நான் வருடாந்த லீவில் வந்திருந்தேன். அத்தான் துறைமுகத்து அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டு கதையைத் தொடங்கினார்.

"தம்பி, உம்மட அலுவல் ஒண்டு முடிச்சு வச்சிருக்கிறன். பேர்த்தில எனக்குத் தெரிஞ்ச ஆள் ஒருத்தர் சாப்பாட்டுக் கடை போட்டிருக்கிறார். நீர் சும்மா நிக்கிற வாரத்தில அங்க குசினியில சமையலுக்கு நிண்டால் சரி. சொல்லுக் குடுத்திட்டன்."

"ஆரைக் கேட்டுக் குடுத்தனீங்கள், அத்தான்?"

"ஆரைக் கேக்கிறது? நான் உம்மட அக்காவைக் கட்டினவன்."

வெளியாருக்கு இது விளங்காது. எங்கள் வீட்டில் மூத்த மருமகன் கொடுக்கும் வாக்கு எல்லோரையும் கட்டும். எனக்குப் பள்ளிக்கூடம் மாற்றியதும், துறைமுகத்தில் முதல் வேலை எடுத்துத் தந்ததும், பெண் பார்த்ததும் அத்தான் கொடுத்த வாக்குகளால்தான். மூன்றும் நன்றாகவே முடிந்தன. கெட்ட மனிதராக இருந்திருந்தால் மறுப்பது சுகமாக இருந்திருக்கும்.

"பந்தடிச்சுக் கழிக்கிற வாரம்தானேடா," என்றார் அக்கா. "அதுக்கு இப்பிடி முகத்தை நீட்டுறாய்."

அந்தப் பந்தடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சுரங்கத்து முகாமில் தகரப் பெட்டி போன்ற அறைகள் வரிசையாக இருக்கும். அவற்றுக்குப் பின்னால் செம்மண் வெளி ஒன்று. புல் கிடையாது. பகல் வேலையிலிருந்து இரவு வேலைக்கு மாறும்போது எங்களுக்கு ஒருநாள் இடைவெளி கிடைக்கும். முதல் மட்சுக்கு அப்படியொரு நாளில்தான் என்னைக் கூப்பிட்டார்கள். நான் கிரிக்கெட் பழகியது கடலில் போய் முடியும் ஓர் ஒடுங்கிய ஒழுங்கையில். பந்து தண்ணீருக்குள் விழுந்தால் அடித்தவன் அவுட், நீந்திப்போய் எடுத்து வரவேண்டியவனும் அவனே. அன்றைக்கு ஒரு பந்து மட்டையின் நடுவில் பட்டு எல்லைக்கு மேலால் பறந்தது. நான் மட்டையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு திரும்பி நடந்தேன்.

பந்து போட்டவள் துளையிடும் இயந்திரம் ஓட்டும் பெண். "எங்கே போகிறாய்?" என்று கேட்டாள்.

"அவுட்," என்றேன்.

நடுவர் ஆறு ஓட்டம் என்று இரண்டு கைகளையும் உயர்த்திக்கொண்டு நின்றார். விளங்கப்படுத்தினேன். ஓடிக்கொண்டிருந்தவர்களும் நிலத்தில் குந்தியிருந்து சிரித்தார்கள். இன்றும் நான் மட்டையோடு போனால் யாராவது ஒருவர், "இன்றைக்குக் கடல் எந்தப் பக்கம்?" என்று கேட்பார். அந்த இடத்திலிருந்து கடலுக்குப் போகக் காரில் அரைநாள் வேண்டும்.

அந்தக் கூட்டம்தான் ஓய்வு வாரத்திலும் பேர்த்தில் ஒன்றுசேரும். பழைய கார்கள் இரண்டில் ஏறி ஏதாவது ஒரு சிறிய ஊருக்குப் போவோம். அந்த ஊர் அணியோடு விளையாடி, பெரும்பாலும் தோற்று, மைதானத்துப் பக்கத்தில் இறைச்சி சுட்டுத் தின்று, கூடாரத்தில் படுப்போம். அடுத்த நாள் வழியில் என்ன இருக்கிறதோ அதைப் பார்ப்போம். உப்பு ஏரி, கைவிட்ட ரயில் நிலையம், ஒருநாள் ஒன்றுமே இல்லாத வெளி. எனக்கு அந்த வெளியும் பிடித்தது.

இவ்வளவையும் அக்காவுக்கு எப்படிச் சொல்வது? கணவாயைப் பிசைந்துகொண்டு இருந்தேன்.

மனைவிதான் வாயைத் திறந்தாள். "இவரின்ர கம்பெனி ஒப்பந்தத்தில வேற இடத்தில வேலை செய்யக்கூடாதெண்டு இருக்கல்லோ?" என்றாள், என்னைப் பார்க்காமல், அப்பளத் தட்டை அத்தான் பக்கம் நகர்த்திக்கொண்டு.

அது உண்மை. அத்தான் கதிரையில் சாய்ந்தார். "அப்பிடியோ? அப்ப வேற கதை. சட்டமெண்டால் சட்டம்தானே. நான் அந்தாளுக்குச் சொல்லிவிடுறன்."

அக்காவின் முகம் தெளிந்தது. நான் தலையை ஆட்டினால் போதும், அத்தானின் வாக்குக்கும் பழுதில்லை, என் வாரமும் தப்பும். ஆனால் கம்பெனி விடவில்லை என்பதற்காக மட்டும் என் வாரம் எனக்குக் கிடைத்ததாக ஆகிவிடும். நாளைக்குக் கம்பெனி விட்டால்?

"சட்டம் இருக்கு, அத்தான்," என்றேன். "அது இல்லாட்டியும் நான் போகமாட்டன்."

"ஏன், களைப்போ?"

அதுவும் தப்பிப்போக நல்ல வாசல். எங்கள் அணியில் ஒருவன் ஓய்வு வாரமெல்லாம் டக்சி ஓட்டினான். வேலைக்குத் திரும்பிய முதல் இரவே ஸ்டியரிங்கில் கண்ணயர்ந்தான். லொறி பாதையோர மண் அணையில் ஏறி நின்றது, அணைக்கு அந்தப் பக்கம் பள்ளம். இறங்கி வந்தவனை நான் பார்த்தேன். அதைச் சொல்லியிருந்தால் அக்கா அழுதிருப்பார், கதை அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் நான் ஓய்வெடுப்பது லொறியை ஒழுங்காக ஓட்டுவதற்கு என்று அர்த்தமாகிவிடும். லொறிக்கு எண்ணெய் ஊற்றுவதைப்போல எனக்கும் ஒரு வாரம் ஊற்றுகிறார்களா?

"களைப்பில்லை. எனக்கு விளையாட விருப்பம்."

"நாப்பத்தாறு வயசிலயோ?"

"ஓம், நாப்பத்தாறு வயசில."

"குசினியில நிக்கிறது உமக்கு வெக்கமாக்கும்."

"வெக்கமில்லை, அத்தான். ரெண்டு வாரம் உழைக்கிறன், அது காணும். மூண்டாவது வாரம் என்ர."

அத்தான் எழுந்தார். கிண்ணியாத் தயிர் வைத்திருந்த சட்டியை யாரும் இன்னும் திறக்கவில்லை. தயிர் சாப்பிடாமல் அவர் எழுந்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"அப்ப என்ர சொல்லுக்கு மதிப்பில்லை," என்றார், கையைக் கழுவிக்கொண்டு.

"நான்தானே மறுக்கிறன், நானே சொல்லுறன். நம்பரைத் தாங்கோ."

அவர் தரமாட்டார் என்று நினைத்தேன். தந்தார். எல்லோரும் கேட்க ஸ்பீக்கரில் போட்டு அந்தக் கடைக்காரருடன் கதைத்தேன். அவர் கோபிக்கவே இல்லை. "பரவாயில்லை அண்ணை, இஞ்ச கனபேர் கேட்டுக்கொண்டு நிக்கினம்," என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். அதைக் கேட்டுத்தான் அத்தானின் முகம் உண்மையாகவே கறுத்தது. அவர் நினைத்த அளவுக்கு அந்த வாக்கு அங்கே கனக்கவில்லை. அது எனக்கும் சந்தோஷமாக இருக்கவில்லை. ஆனாலும் என் சொல்லைத் திருப்பி எடுக்கவில்லை.

வீட்டுக்கு நடந்து வந்தோம். றோட்டோரத்தில், எங்கள் ஊர்த் தெருக்களில் திரியும் மான்கள் இரண்டு வாழைப்பழத்தோலுக்கு மாடோடு போட்டி போட்டுக்கொண்டு நின்றன. மனைவி அவற்றைச் சுற்றிக் கடந்துகொண்டே கேட்டாள்.

"நல்ல வழியொண்டு காட்டினனான். பிடிக்கேல்லையோ?"

"அது கம்பெனியின்ர வழி."

"சரி. மூண்டாவது வாரம் என்ர எண்டு சொன்னியள். எனக்கு எந்த வாரம்?"

அவள் அரசாங்க அலுவலகமொன்றில் வேலை செய்கிறாள். சனி, ஞாயிறில் உடுப்புத் தோய்ப்பு, மகளின் வகுப்பு, அக்கா வீட்டுக்கு உதவி.

"மார்கழி லீவுக்கு அங்க வாறன்," என்றாள். "உங்கட விளையாட்டைப் பாக்க இல்லை, கடல் பாக்க."

"திருகோணமலையில இல்லாத கடலோ?"

"இஞ்ச கடலுக்குப் போய் நிண்டால், ஏன் பிள்ளை தனிய நிக்கிறாய் எண்டு ஆராவது வந்து கேப்பினம். இன்னொண்டு. அங்க வந்து நான் சமைக்கமாட்டன். இப்பவே சொல்லிப்போட்டன்."

வந்தாள். மகள் அக்கா வீட்டில் நின்றாள். அத்தான் அதுவரை என்னோடு ஒரு சொல் கதைத்திருக்கவில்லை. ஆனால் மகளை மழைக்குள் மோட்டார் சைக்கிளில் ஏற்றி வகுப்புக்குக் கொண்டுபோய் விட்டவர் அவர்தான்.

பேர்த்துக்கு வடக்கே ஒரு கரையோர ஊரில் அந்த வார மட்ச். கடும் காற்று. நாங்கள் பந்து தடுத்துக்கொண்டு நின்றோம். மடக்குக் கதிரையில் இருந்த மனைவி இரண்டு ஓவர் பார்த்தாள். பிறகு பார்த்தபோது கதிரை வெறுமையாக இருந்தது. துளையிடும் இயந்திரம் ஓட்டும் பெண் மண்மேட்டுப் பக்கம் கையைக் காட்டினாள்.

மட்ச் முடிந்து தேடிப் போனேன். முழங்கால் தண்ணீரில் நின்றாள். செருப்பு இரண்டும் கையில். அந்த நீளக் கரையில் வேறு ஒருவரும் இல்லை. யார் வென்றது என்று கேட்கவில்லை.

"வெளிக்கிடுவமோ?" என்றேன். "பசிக்கேல்லையே?"

"பசிக்குது," என்றாள், திரும்பாமல். "நீங்கள் போய்ச் சமையுங்கோ. நான் ஆறுதலா வாறன்."

போனேன்.