முள்வேலிக்குள் ஒரு சடைநாய்

1956ஆம் ஆண்டு டிசம்பர் ஒன்பதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் இரண்டு மணிக்கு அந்தச் சடைநாய் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் மனைவியான துரைசாணி கப்பலேறித் தம் நாட்டுக்குத் திரும்பியிருந்தார். நாயைக் கிராணி வீட்டில் சேர்த்துவிடும்படி பங்களா டிரைவரிடம் சொல்லிச் சென்றிருந்தார். கிராணி, அதாவது தோட்டத்து எழுத்தர், என் தந்தை. நான் சிங்கப்பூரில் இலக்கியம் படித்துக்கொண்டிருந்தேன். விடுமுறைக்காக, மலைமேல் இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு வந்திருந்தேன்.

ஸ்பிட்ஸ் இனத்துப் பெட்டை நாய் அது. கூர்ந்த காதுகள், நரியின் முகம், முதுகின்மேல் சுருண்டு விழும் வால், பஞ்சுபோன்ற வெள்ளைச் சடை. அதன் முன்னோர் வடதுருவப் பக்கத்துப் பனியில் சறுக்குவண்டி இழுத்த பெரிய நாய்கள் என்று துரைசாணி தந்தையிடம் ஒருமுறை சொல்லியிருந்தாராம். தலைமுறை தலைமுறையாக உருவத்தைச் சிறுக்க வைத்தவர்கள் அதன் மனத்தைச் சிறுக்க வைக்க மறந்துவிட்டார்கள் போலும். வந்த சிறிது நேரத்திலேயே, கோலா தெர்லாவிலிருந்து முட்டைகோஸ் ஏற்றிவந்த லோரியை வாசலில் நின்று குரைத்து அனுப்பிவைத்தது. லோரி தனக்கு அஞ்சித்தான் போனது என்று நம்பியதுபோல் தலையை நிமிர்த்திக்கொண்டு உள்ளே வந்தது. எனக்கு அப்போதே அதைப் பிடித்துப்போயிற்று.

பெருமையைக் காப்பாற்றுவது எளிது. சடையைக் காப்பாற்றுவதுதான் வேலை. அதற்கு இரண்டு அடுக்கு மயிர். எங்கள் மலையின் பனிமூட்டத்தில் மேலடுக்கு உலர்ந்தாலும் அடியடுக்கு ஈரமாகவே இருக்கும். அந்த ஈரத்தில் அட்டைகள் ஒளிந்துகொள்ளும். அம்மா பின்கட்டில் அதை மடியில் கிடத்திச் சீப்பால் பிரித்துப் பிரித்துப் பார்த்தார். அவ்வழியே வந்த, வேலையாட்களை மேற்பார்க்கும் கங்காணி யோசனை சொன்னார்.

"மொட்டை அடிச்சிருங்கலா, கிராணியம்மா. அட்டை ஏற எடமே இருக்காது."

"மொதல்ல ஒங்க மீசைய வழிங்க கங்காணி. நல்லா இருந்துச்சின்னா இதுக்கும் பாக்கலாம்."

கங்காணி மீசையைத் தடவிக்கொண்டே சிரித்தார். அம்மாவின் எண்ணம் சரியானதே. அந்தச் சடை குளிரையும் வெயிலையும் ஒருங்கே தடுப்பது. ஒட்ட வெட்டினால் பழையபடி வளர்வது அரிது.

புது நாயைப் பார்க்க, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துப் பெண்கள் கூடினார்கள். சீமை நாய் என்பதால் எல்லாரும் அதனிடம் ஆங்கிலமே பேசினார்கள். "கம்! சிட்! கோ!" துரையிடம் இந்தச் சொற்களை வாங்கியே பழகியவர்களுக்கு, அவற்றை ஒரு வெள்ளை உயிரிடம் திருப்பிச் சொல்லிப் பார்ப்பதில் தனி இன்பம் இருந்தது. நாய் எவருக்கும் அசையவில்லை.

"துரைசாணி மாதிரியே திமிருலா இதுக்கு," என்றாள் ஒருத்தி.

அவர்கள் போனபின் அம்மா என்னிடம், "அந்தக் காலைக் காட்டு, அட்டை இருக்கான்னு பாக்குறேன்," என்றார். நான் குனிவதற்குள் நாய் தானே வலது முன்காலை நீட்டியது. தற்செயல் என்று எண்ணினேன். அம்மா கவனிக்கவே இல்லை.

காட்டுக்குள் கம்யூனிஸ்ட் கெரில்லாக்கள் பதுங்கியிருந்த அவசரகால ஆண்டுகள் அவை. லயங்களையும் எங்கள் வீட்டையும் சுற்றி முள்வேலி இருந்தது. மாலை ஆறு மணிக்கு மணியடித்ததும் வேலிவாசல் பூட்டப்படும். அதன்பின் வேலிக்கு வெளியே எது அசைந்தாலும் காவலர் சுடலாம். அன்று மணியடிக்கச் சற்று முன்பு, வேலியோரத்தில் ஒரு காட்டுக்கோழி கொக்கரித்தது. நாய் தண்ணீர்க்கான் என்னும் வடிகால் வழியே வேலிக்கடியில் நுழைந்து, தேயிலைச் செடிகளுக்குள் ஓடிவிட்டது.

வேலிவாசலில் நின்ற காவலர் கிளந்தானிலிருந்து புதிதாக வந்த மலாய்க்காரர்.

"கிராணி, ச்செப்பாட்லா! பெல் அடிச்சா..." என்று தந்தையை விரைவுபடுத்தி, தம் துப்பாக்கியைத் தட்டிக் காட்டினார். சுடுவதில் அவருக்கும் விருப்பமில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

வேலியோரம் முழுவதும் ஆங்கிலம் எழுந்தது. தந்தை, "கம் ஹியர்!" என்றார். கங்காணி அதையே பெருங்குரலில் திரும்பச் சொன்னார். வெள்ளை வால் செடிகளுக்கிடையே இன்னும் தொலைவுக்குப் போயிற்று.

நீட்டிய அந்தக் கால் அப்போதுதான் எனக்கு விளங்கியது. துரைசாணி நாயைத் தேநீர் வேளையில் தடவிக்கொடுத்தவர், அவ்வளவுதான். சோறு வைத்ததும், குளிப்பாட்டியதும், சீவியதும் பங்களா ஆயா. அவர் எங்கள் லயத்திலிருந்து அங்கே வேலைக்குப் போனவர். தனக்கு வேண்டியவை அனைத்தையும் அந்த நாய் தமிழில்தான் கேட்டு வளர்ந்திருக்க வேண்டும்.

பிறர் முன்னிலையில் குரலுயர்த்திப் பேசும் பழக்கம் எனக்கு இல்லை. அன்று கம்பியைப் பிடித்துக்கொண்டு, தோட்டமே கேட்கும்படி கத்தினேன்.

"வாடி தங்கம்! சோறு திங்க வாடி!"

செடிகள் அசைந்தன. காதுகள் தெரிந்தன. அது ஓடிவரவில்லை, தானே முடிவெடுத்துத் திரும்பியதுபோல் நிதானமாக நடந்து, கான் வழியே நுழைந்து, என் காலடியில் உட்கார்ந்தது. மணி அடித்தது.

கங்காணிதான் முதலில் வாய் திறந்தார். "அட, நம்ம புள்ளையா இது! இம்புட்டு நேரம் வேத்தாளா நெனச்சி இங்கிலீசு பேசிட்டமேலா!"

லயமே சிரித்தது. தந்தை சிரிக்கவில்லை, என்னை ஒருமுறை பார்த்துவிட்டு நாயைக் கையில் தூக்கிக்கொண்டார். என் படிப்பைப் பற்றிப் பேசும்போதுகூட அவர் முகத்தில் அப்படியொரு பெருமிதத்தை நான் கண்டதில்லை.

ஆயினும் கோழி நாளையும் கொக்கரிக்கும். நான் விடுமுறை முடிந்து போனபின் வாசலில் துப்பாக்கியோடு நிற்கப்போகிறவர் காவலர்தான். மறுநாள் காலை, வேலைக்குப் பெயர் பதியும் பெரட்டுக்கு ஆட்கள் கூடும் நேரத்தில், நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு வேலிவாசலுக்குப் போனேன். மார்க்க வழக்கப்படி நாயைத் தொட இயலாத காவலருக்காகச் சற்றுத் தள்ளி நின்று, அந்தச் சொற்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தேன். அவர் "வாடி தங்கம்" என்றபோது கொழுந்துக்கூடையோடு நின்ற பெண்கள், "யாரைலா கூப்பிடுறாரு?" என்று ஆர்ப்பரித்தார்கள். அவர் காது சிவந்தது, ஆனாலும் நிறுத்தவில்லை. அவர் குரலுக்கு நாய் எழுந்து நடக்கும்வரை அவரைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தேன்.