பின்னோக்கி நடந்த யங்டோல்

ரிக்சின் யங்டோல் எங்கள் எல்லையோரச் சாங்தாங் மேட்டு நிலத்தில் நூற்றெண்பது ஆடுகளுக்கு உரியவர். வயது ஐம்பத்திரண்டு. கணவர் இறந்த பின் ஊரார் அவரையே ஊர்த்தலைவர் ஆக்கினர்; அதற்குக் காரணம் அவருடைய பிடிவாதம் என்பதை யாரும் மறைத்ததில்லை.

ஆற்றோரத்துப் புல்வெளிதான் எங்கள் ஆடுகளின் குளிர்கால உணவு. பல ஆண்டுகளுக்கு முன் அதன் குறுக்கே சென்ற கனரக டாங்கி ஒன்று சேற்றில் புதைந்தது. வெளியே இழுக்க மூன்று நாள்கள் ஆயின. அது கிழித்த பள்ளங்களின் வழியே ஊற்றுநீர் வடிந்துபோயிற்று. அந்தப் பக்கம் இன்றுவரை புல் முளைக்கவில்லை. அவ்வாண்டு யங்டோல் முப்பது குட்டிகளை இழந்தார்.

ஆகவே, நம் நாட்டிலேயே செய்த இலகு டாங்கியைச் சோதிக்க வந்த மேஜர் ஒருவர், அதே புல்வெளியை வரைபடத்தில் காட்டியபோது யங்டோல் மறுத்துவிட்டார்.

"கியாங் போற பாதை இருக்கு சார். நேரா முகட்டுக்கே போகும்."

"காட்டுக்கழுதை போற பாதையிலயா? சறுக்குமேம்மா."

"பழைய வண்டின்னா சறுக்கும். இது அதுல பாதி எடைதான்னு நேத்து நீங்கதானே பெருமையாச் சொன்னீங்க? கனமான வண்டி ஏறாத மேட்டுல ஏறி நின்னு சுடத்தான் இதைச் செஞ்சோம்னீங்க. அப்புறம் எதுக்குப் புல்லு மேல ஓட்டணும்?"

மேஜர் சிரித்துவிட்டார். "சரி, ஒரே ஒரு தடவை. நாளைக்குப் பதினோரு மணிக்குள்ள வண்டி முகட்டுல நிக்கணும். இல்லேன்னா புல்வெளிதான்."

மறுநாள் காலை யங்டோல் முன்னே நடந்தார். மந்தையை மலையேற்றும்போது நாங்கள் திரும்பிப் பார்ப்பதில்லை. பார்த்தால் மந்தை நின்றுவிடும். டாங்கியையும் அவர் அப்படியே நடத்தினார். காற்றின் இரைச்சலில், பின்னால் எந்திர ஓசையே இல்லை என்பது பாதி மலையில்தான் அவருக்கு உறைத்தது.

இறங்கி வந்து பார்த்தால், முதல் வளைவிலேயே டாங்கி நின்றிருந்தது. ஓட்டுநர் ரண்பீர், ஹரியானாக்காரர், தலையை மட்டும் வெளியே நீட்டியிருந்தார்.

"எங்கக்கா போயிட்டீங்க? கோயிலுக்கா?"

"நீ ஏன் வரல?"

"வழி காட்டுறவங்க என் மூஞ்சியப் பார்த்துதான் நடக்கணும். கையசைச்சாத்தான் நகருவேன். முதுகப் பார்த்து ஓட்டுனா என் வேலை போயிடும்."

"இந்தப் பாதையில நான் பின்பக்கமாவே நடக்கணுமா?"

"வேணாம்னா கீழ போயிடலாம். புல்லு மெத்துன்னு இருக்கும்."

மணி பத்து கடந்திருந்தது. யங்டோல் தம் நீண்ட அங்கியைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டார். ரண்பீரை நோக்கியவாறே, குதிகாலால் கற்களைத் தடவித் தடவிப் பின்னோக்கி நடக்கலானார். இரண்டு முறை விழுந்தார்.

"போதுமாக்கா?"

"வாய மூடிட்டு வா."

சங்கிலிப் பட்டைகளின் அடியிலிருந்து கற்கள் பள்ளத்தில் உருண்டன, வண்டி உருளவில்லை. பதினொன்றுக்கு நான்கு நிமிடங்கள் இருக்கும்போது, அது முகட்டில் நின்று பீரங்கியை எல்லைப் பக்கம் திருப்பியது. மேஜர் வரைபடத்தில் புல்வெளி வழியாகப் போன கோட்டினை அழித்துவிட்டுப் புதிய கோடொன்று வரைந்தார்.

யங்டோல் அதைப் பார்க்கவில்லை. ஏறிய நேரமெல்லாம் டாங்கிக்கு அப்பால் கீழே தெரிந்த புல்வெளியையே அவர் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு கீறல்கூட விழல," என்று ரண்பீரிடம் சொல்லிவிட்டு, முழங்கையில் வழிந்த இரத்தத்தைத் துடைத்துக்கொண்டார்.