சில்லுக்குக் கட்டை வைக்கிறவள்

எங்கள் பிக்கப்புக்கு ஒழுங்கான பிறேக் இருந்திருந்தால் நான் இணுவிலை விட்டு வெளியே போயிருக்கவே மாட்டேன்.

அந்தக் காலத்தில் என்னை வீட்டில் இருத்திவைப்பது யாராலும் முடியாத காரியம். கலியாணம் முடித்து வந்த புதிதிலேயே மாமி சொல்லிவிட்டார்: “உவள் காலிலை சுடுதண்ணி ஊத்தினமாதிரி. ஓரிடத்திலை நிக்கமாட்டாள்.” சொன்னது பொய்யில்லை. உலை கொதிப்பதற்குள் பலதரம் வாசல் படலைக்குப் போய் றோட்டைப் பார்த்துவிட்டு வருவேன். றோட்டில் என்ன இருந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அது எங்கேயோ போய்க்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

என் கணவர் தோட்டக்காரர்களிடம் வெங்காயமும் தக்காளியும் ஏற்றி, அச்சுவேலிச் சந்தைக்கும் நல்லூர்ப் பக்கத்துக் கடைகளுக்கும் கொண்டுபோவார். அவருடைய பிக்கப் என்னைவிட வயதில் மூத்தது. முன்சில்லுகளுக்கு எண்ணெய் பிறேக், பின்சில்லுகளுக்குக் கம்பி பிறேக். கம்பி தொய்ந்து, கைபிறேக்கும் அறுந்துபோயிருந்தது. வெளிநாட்டுச் சாமான் வராத எழுபதுகளின் தொடக்கம் அது. மாற்றுவதற்கு ஒன்றும் கிடைக்காது.

ஆனால் எங்கள் ஊரில் மலையா இருக்கிறது? தூரத்திலேயே வேகத்தைக் குறைத்து, பெடலைத் திரும்பத் திரும்ப மிதித்து, வண்டி உருண்டு வரும்போது ஒருவர் குதித்துப் பனங்கட்டையைச் சில்லுக்கு முன்னால் வைத்தால் நிற்கும். அந்த வேலைக்கு இருந்த ஆள் கொழும்புக்குப் போய்விட்டான். மறுநாள் காலை கட்டையோடு நான் ஏறி உட்கார்ந்தேன். மாமிக்கு முகம் கறுத்தது. ஆனால் கட்டை வைக்க ஆள் வேண்டுமே!

பிறகு எனக்கென்ன குறை? சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு குதிப்பதும் ஏறுவதுமாக ஊரெல்லாம் திரிந்தேன். சந்தையில் எனக்குக் கட்டைக்காரி என்று பெயர். ஆள் நடமாட்டமில்லாத தரவைவெளி வந்தால் அவர் என்னிடம் ஸ்டியரிங்கைத் தருவார். கியர் மாற்றவும் பழகினேன். பிறேக் மட்டும் என் வசப்படவில்லை. எழும்பி நின்று மிதித்தாலும் என் பாரத்துக்கு அது அசையாது.

ஒருநாள் நல்லூரில் சைக்கிளில் வந்த பள்ளிக்கூடப் பிள்ளை ஒருத்தி திடீரென்று குறுக்கே திரும்பினாள். அவர் மிதித்தார், மிதித்தார். நான் குதித்துக் கட்டையைப் போட்டேன். வண்டி கட்டையின்மேல் ஏறி இறங்கி, மதிலை உரசித்தான் நின்றது. பிள்ளைக்குக் காயமில்லை. அவளுடைய செருப்பு ஒன்று சில்லுக்குக் கீழே கிடந்தது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்றார்கள் கூடி நின்றவர்கள். அவர் செருப்பை எடுத்துத் துடைத்து அவள் காலடியில் வைத்தார்.

“இனி இதை இப்பிடி ஓடேலாது” என்றார் என்னிடம்.

“ஓம்” என்றேன், மனதார. ஆனால் வீடு வந்து சேர்வதற்குள் மடியிலிருந்த கட்டையைப் பார்த்துக் கணக்குப் போடத் தொடங்கிவிட்டேன். பிறேக் பிடித்தால் கட்டை எதற்கு? கட்டை இல்லாவிட்டால் நான் எதற்கு? மாமிக்கு அது உடனே விளங்கியது. “நல்லதாப் போச்சு. இனி வீட்டோடை இருப்பாய்.”

அச்சுவேலிக் கராஜ் ஒன்றில் நொறுங்கிக் கிடந்த வான் வண்டியிலிருந்து சாமான்களைக் கழற்றி எங்கள் பிக்கப்புக்குப் பூட்ட ஏற்பாடாகியது. நாலு சில்லுக்கும் எண்ணெய் பிறேக். மிதிப்பதை இலேசாக்க ஒரு பூஸ்டர். வேலை நடந்த நாட்களில் நான் குட்டி போட்ட பூனைபோல வீட்டுக்கும் படலைக்கும் நடந்தேன். குழாய் அளவு பொருந்தவில்லை என்று ஒரு பின்னேரம் அவர் வந்து சொன்னபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. உடனே அந்தச் செருப்பு ஞாபகம் வந்தது. என்மேலேயே எரிச்சல் வந்து, கிணற்றடி வாளியைப் போட்டு அடித்தேன்.

வண்டி எடுக்கும் நாளில் நானும் வருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றேன். இதுதான் கடைசிப் பயணம் என்று நினைத்தபடி அவரோடு பஸ்ஸில் போனேன்.

கராஜ்காரர் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “அண்ணை, முந்தினமாதிரி ஏறி மிதிச்சுப்போடாதேங்கோ, தலை கண்ணாடியிலை அடிபடும். தொட்டாலே பிடிக்கும். சின்னப்பிள்ளை மிதிச்சாலும் நிக்கும்.”

“அப்ப நான் மிதிச்சாலும் நிக்குமோ?”

கராஜ்காரர் சிரித்தார். என் கணவர் சிரிக்கவில்லை. “தரவையிலை பாப்பம்” என்றார்.

தரவையில் பார்த்தோம். நின்றது. பிறகு நான் லைசென்ஸ் எடுக்கும்வரை மாமி என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. எடுத்த பிறகும் கதைக்கவில்லை.

முதல்முதல் சந்தைக்கு நான் ஓட்டிப் போன காலை, அவர் இடப்பக்கத்தில் ஏறினார். மடியில் பனங்கட்டை.

“அது என்னத்துக்கு?”

“சும்மா கிடக்கட்டும்.”

படலையில் மாமி நின்றார். எங்கள் வீட்டு ஒழுங்கைப் பாதை முடிந்து றோட்டில் ஏறும் இடத்தில் ஒரு மாட்டுவண்டி வந்தது. பிறேக்கைத் தொட்டேன். பிக்கப் அப்படியே நின்றது. அதற்குள் அவர் கட்டையோடு குதித்துவிட்டார். நிற்கிற வண்டியின் சில்லுக்கு முன்னால் கட்டையைப் பிடித்தபடி குனிந்திருந்தார்.

“எடுத்துக்கொண்டு ஏறுங்கோ” என்றேன். “சந்தைக்கு நேரமாகுது.”