உடையைப் பிடுங்க ஒரு குறடு

“படிச்சதெல்லாம் சரிதான்ளா. படிச்சவ வாரான்னு முள்ளு விலகியா நிக்கும்?”

வேலையில் சேர்ந்த அன்று அண்ணாச்சி என்னைக் கேட்ட முதல் கேள்வி இது. அவருக்கு உடன்குடியில் கருப்பட்டி மொத்த வியாபாரம். ஊருக்கு வெளியே செம்மணல் நிலமும் உண்டு. அந்த நிலத்தையும் அதில் ஓடும் வண்டிகளையும் பார்த்துக்கொள்ள ஆள் தேடினார். நான் டிப்ளமோ மெக்கானிக்கல். அம்மாவும் அப்பாவும் மாப்பிள்ளையூரணிப் பக்கம் உப்பளத்தில் உப்பு வாரியவர்கள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலைத் தாண்டிய முதல் ஆள் நான். இதை எங்கே போனாலும் நானாகவே சொல்லிவிடுவேன். மற்றவர் கண்டுபிடித்துச் சொல்லும் வரை காத்திருக்கும் பழக்கம் எனக்கு இல்லை.

மினி டிராக்டரில் லோடர் மாட்டி முட்புதர் அழிக்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். லோடர் என்பது வண்டிக்கு முன்னால் நீளும் வெறும் இரண்டு கைகள்தான். அதன் நுனியில் எதை மாட்டுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

1. வடலி

அந்த நிலத்தில் அண்ணாச்சி பல வருடங்களுக்கு முன் வரிசையாகப் பனங்கொட்டை ஊன்றியிருந்தார். அவை முளைத்து வடலியாக நின்றன. வடலி என்றால் தண்டு இன்னும் மேலே வராத இளம் பனை. வெளியே தெரிவது நாலைந்து ஓலை மட்டும்தான். குருத்து மண்ணுக்குள் இருக்கும். கவனிக்க ஆள் இல்லாமல் போனதில் வரிசைகளுக்கு நடுவே உடை மண்டிவிட்டது. சீமைக்கருவேலத்தை எங்கள் பக்கம் உடை என்போம்.

ஒரு முறை அண்ணாச்சி வாடகைக்கு பொக்லைன் விட்டிருக்கிறார். கிழக்குப் பக்கம் உடை சுத்தமாகப் போயிற்று. வடலியும் சுத்தமாகப் போயிற்று.

“பிள்ளைய வாரிப் போட்ட மாதிரி இருந்துச்சிளா,” என்றார். “மிச்சம் இருக்கிறதுல ஒரு வடலி போச்சுன்னாலும் அன்னைக்கே எல்லாத்தையும் நிறுத்திருவேன். உன்னையும் சேத்துத்தான்.”

மினி டிராக்டர் அந்த வரிசைகளுக்குள் நுழையும். லோடரும் இருந்தது. மாட்டுவதற்குச் சாமான் ஒன்று வாங்க வேண்டும். அதை நான் சொல்ல வேண்டும்.

2. பல்லைக் காட்டும் டெமோ

தூத்துக்குடி பைபாஸில் இருந்த ஒரு டீலரிடம் பேசினோம். அங்கே சேல்ஸில் இருந்த ஜெரால்டுக்கு என் வயதுதான் இருக்கும். சிரித்த முகம். அவர் கேள்வியே கேட்கவில்லை.

“மேடம், உங்களுக்கு பிரஷ் கட்டர்தான். முன்னால மாட்டுத ரோட்டரி கட்டர். வடலிக்கும் ஒண்ணும் ஆகாது. குருத்து மண்ணுக்குள்ளல்லா இருக்கு? மேல ஓலைதான் போவும். ஓலை திரும்ப வந்துரும்.”

அவர் சொன்னது சரி. அதனால்தான் எனக்கு முதல் சந்தேகம் வந்தது. நான் கேட்கப் போவதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு பதில் சொல்கிறாரே, இவரிடம் வடலி பற்றி யார் சொன்னது?

எங்கள் டிரைவர் இசக்கி அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தார்.

டெமோ பார்க்க எங்களை நகரத்துக்கு வெளியே உடை மண்டிய ஒரு காலி மனைக்குக் கூட்டிப் போனார்கள். கட்டர் உடைக்குள் இறங்கியது. சத்தம் காதைப் பிளந்தது. உடை தூள் தூளாகப் பறந்தது. அண்ணாச்சி கைதட்டாத குறை.

“பாத்தியாளா? வெண்ணெய வெட்டுத மாதிரில்லா வெட்டுதான்!”

“நம்ம வண்டியில மாட்டினாலும் இப்படித்தான் வரும்லா எஞ்சினீரம்மா,” என்றார் இசக்கி அண்ணன்.

நான் டெமோ வண்டியைப் பார்த்தேன். அது எங்கள் வண்டியைவிடப் பெரியது. கட்டர் ஹைட்ராலிக்கில் சுற்றுவது. வண்டியின் பம்ப் தள்ளும் எண்ணெய் போதவில்லை என்றால் கத்தி தடித்த கட்டையில் நின்றுவிடும்.

“இந்தக் கட்டருக்கு எவ்வளவு எண்ணெய் ஃப்ளோ வேணும்? எங்க வண்டி எவ்வளவு குடுக்கும்?”

“அதெல்லாம் பாத்துக்கலாம் மேடம். எல்லா வண்டிக்கும் செட் ஆகும்.”

எல்லாவற்றுக்கும் பொருந்துகிற சாமானை நான் வொர்க்‌ஷாப்பில் பார்த்ததில்லை. வெட்டிய இடத்துக்குள் இறங்கினேன். இன்னும் வெட்டாமல் நின்ற ஒரு உடைக்கு அருகே உட்கார்ந்து அடியைப் பார்த்தேன். ஒரே தூரிலிருந்து விரல் தடிமனில் ஏழெட்டுக் கிளைகள். தூரின் தலை மட்டமாக, முன்பே ஒருமுறை வெட்டுப்பட்டதுபோல் இருந்தது. அடுத்ததும் அப்படி. அதற்கடுத்ததும்.

“ஜெரால்ட், போன டெமோவும் இதே மனையிலதானா?”

“ஆமா மேடம். இங்கதான் போடுவோம். எதுக்கு?”

“அதுக்கு முந்தினதும்?”

அவர் சிரிப்பு கொஞ்சம் நின்றது. அண்ணாச்சி கைலியை ஏற்றிக் கட்டிக்கொண்டு உள்ளே வந்தார். நான் தூரைக் காட்டினேன். அவர் குனிந்து அந்தப் பழைய வெட்டை விரலால் தடவினார். வெண்ணெய்போல வெட்டிய அந்தக் காடு, முன்பு வெண்ணெய்போல வெட்டிய அதே காடுதான். தூர் மண்ணில் இருக்கும் வரை உடை சாகாது. ஒன்று வெட்டினால் எட்டாக வரும். அவர்களுக்கு டெமோ போடப் புதர் பஞ்சமே இல்லை.

“ஏலே தம்பி,” என்றார் அண்ணாச்சி, “நீ விக்கது கட்டரா, நாத்தங்காலா?”

3. மூலையில் கிடந்தது

சரி, வேரோடு எடுக்க வேண்டும். வேரை வாருகிற நீளப் பல் வைத்த கவ்வி, கிராப்பிள் என்று ஒன்று இருக்கிறது. அகலமாக வாரும். வாரும்போது மண்ணுக்குள் இருக்கும் பனங்குருத்தையும் சேர்த்து வாரும். பல் வைத்த பக்கெட்டுக்கும் அதே குணம். பொக்லைன் செய்ததை இது சின்ன அளவில் செய்யும்.

டீலரின் கொட்டகை மூலையில் ஒரு சாமான் துருப்பிடித்துக் கிடந்தது. இரண்டு தாடை, உள்பக்கம் பல். ட்ரீ புல்லர். செடியின் அடியைக் கவ்விப் பிடித்து ஒவ்வொன்றாகப் பிடுங்குவது. குறடு ஆணியைப் பிடுங்குமே, அந்த வேலைதான்.

“அது மெதுவா வேலை செய்யும் மேடம். யாரும் கேக்கதில்ல,” என்றார் ஜெரால்ட்.

“நான் கேக்கேன். ஆனா டெமோ உங்க மனையில வேண்டாம். எங்க காட்டுல, எங்க வண்டியில, நான் காட்டுத செடியில.”

மழை பெய்து மணல் இளகியபின் கொண்டுவரச் சொன்னேன். காய்ந்த மணலில் உடை வேர் நடுவில் அறுந்துவிடும் என்று பயம். லோடரில் தாடையை இயக்கத் தனியாக ஒரு வால்வும் இரண்டு ஹோஸும் போட்டோம். முன்பாரம் கூடி வண்டி மூக்கு குத்தாமல் இருக்கப் பின்பக்கம் வெயிட் கட்டினோம்.

செடியை நான்தான் தேர்ந்தெடுத்தேன். பக்கத்தில் கையெட்டும் தூரத்தில் வடலி நிற்கிற செடி. அண்ணாச்சி முகம் சுருங்கியது.

“வேற செடியே கிடைக்கலியாளா?”

“இதுல தோத்தா இப்பவே தெரிஞ்சிரும் அண்ணாச்சி.”

இசக்கி அண்ணன் தாடையை இறக்கிக் கவ்வினார். லோடர் கையைத் தூக்கப் பார்த்தார். வண்டியின் பின்சக்கரம் லேசாக மிதந்தது.

“கையைத் தூக்காதீங்கண்ணே. தாடையை உள்பக்கம் மடக்குங்க. முதல்ல வேரை அசைங்க.”

மடக்கினார். மண் விரிந்தது. ஏதோ முறியும் சத்தம் கேட்டது. பிறகு உடை மெல்ல மேலே வந்தது. அதன் ஆணிவேர் ஈரமணலிலிருந்து வடக்கயிறுபோல வந்துகொண்டே இருந்தது.

அண்ணாச்சி செடியைப் பார்க்கவில்லை. வடலிக்குப் பக்கத்தில் முழங்காலிட்டு, விரிந்த மண்ணை விரலால் ஒதுக்கிப் பார்த்தார். ஓலையின் அடியைப் பிடித்து மெதுவாக இழுத்தார். வரவில்லை.

“குருத்து அசையலளா,” என்றார். என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார்.

4. இசக்கி அண்ணன் சொல்லாமல் விட்டது

புல்லரை வாங்கினோம். வேலை ஓடியது. ஆனால் ஒரு கேள்வி என்னை விடவில்லை. கட்டரை இசக்கி அண்ணன் ஏன் அவ்வளவு புகழ்ந்தார்? கமிஷனோ என்று நினைத்தேன். ஒருநாள் நேராகவே கேட்டேன்.

“கமிஷனா? ஏன் எஞ்சினீரம்மா, உங்களுக்கு சாமி கும்பிடும்போதாவது சந்தேகம் வராம இருக்குமா?” என்று சிரித்தார். “கட்டர்னா நேரா ஓட்டிட்டுப் போவலாம். இதுல முன்ன பின்ன, முன்ன பின்ன. டயர்ல முள்ளு ஏறி தினம் பஞ்சர். இடுப்பு போவுது. அதான் அந்தப் பயகிட்ட வடலி கதையையும் சொல்லி வச்சேன்.”

அவரும் முழுப் பொய் சொல்லவில்லை, ஜெரால்டும் முழுப் பொய் சொல்லவில்லை. தனக்கு ஆகாததை மட்டும் ஒவ்வொருவரும் சொல்லாமல் விட்டார்கள். இந்தத் தொழிலில் நான் கற்றது இதுதான்: எதிரே இருப்பவர் சொல்வதைச் சோதிப்பது சுலபம். அவர் எதைச் சொல்லவில்லை என்று தேடுவதில்தான் நம் படிப்பு இருக்கிறது.

அன்றிலிருந்து ஒரு இரும்புக் கம்பியோடு வண்டிக்குப் பின்னால் நடக்க ஆரம்பித்தேன். மூடிய குழிகளில் குத்திப் பார்ப்பேன். ஒரு குழியில் கம்பி நங்கென்று நின்றது. தோண்டினால் அறுந்த தூர், மேலே மணல் அழகாக நிரவப்பட்டிருந்தது.

“இதென்னண்ணே?”

“அறுந்துட்டு. திரும்பப் பிடிக்க வாட்டமா இல்ல.” ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டே, “கீழ நின்னு கம்பியால குத்துதது லேசு. மேல ஏறி உக்காந்து பாருங்க, அப்பத் தெரியும்,” என்றார்.

அதில் நியாயம் இருந்தது. கோபமும் இருந்தது. இரண்டையும் எடுத்துக்கொண்டேன்.

நானே வண்டி ஓட்டப் பழக எல்.எல்.ஆர். வாங்கிவிட்டேன். இன்று காலை வண்டியின் முன்னால் சிவப்பு எல் ஒட்டினேன். வடக்கு வரிசைகள் இசக்கி அண்ணனுக்கு, தெற்கு வரிசைகள் எனக்கு. அவர் மூடும் குழிகளை நான் குத்திப் பார்ப்பேன். என் குழிகளைக் குத்திப் பார்க்க இன்னொரு கம்பி வாங்கி, முனையைத் தீட்டி, அவர் கையில் கொடுத்துவிட்டேன்.