கிரிக்கெட்காரரைப் பேஸ்போலுக்குக் கூட்டிப்போன ஞாயிறு

என் கணவர் கிரிக்கெட்காரர். டீ.வி.யில் கிரிக்கெட் பார்ப்பவர் என்று நினைத்துவிடாதீர்கள். ஊரில் அவர் படித்த பள்ளிக்கூடத்தின் பழைய மாணவர் சங்கம் லண்டனில் ஓர் அணி வைத்திருக்கிறது. முழங்கால் இடக்குப் பண்ணத் தொடங்கும்வரை ஒரு கோடைகூடத் தவறாமல் அந்த அணிக்கு ஆடியவர். மட்டையும் பந்தும் வைத்து ஆடுகிற வேறு விளையாட்டே உலகத்தில் இல்லை என்பது அவருடைய கட்சி.

எனக்கோ பேஸ்போல் பைத்தியம். அமெரிக்காவின் பெரிய அணிகள் மேல் அல்ல. வடக்கு லண்டனில் ஹரோவுக்கு அந்தப் பக்கம் ஒரு பூங்காவின் மூலையில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆடும் ஒரு சின்ன அணியின் மேல். யாருக்கும் சம்பளம் கிடையாது. மைதானத்து வெள்ளைக் கோடுகளைத் தாங்களே போட்டு, வலையைத் தாங்களே கட்டி ஆடுகிறவர்கள். ஆண்களும் பெண்களும் கலந்த அணி. முன்பு நாங்கள் ஹரோவில் இருந்தபோது, மகனைச் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் விட்டுவிட்டு மற்ற அம்மாமாருடன் வெளியில் நிற்பேன். அவர்கள் வீட்டு விலையும் நகை விலையும் கதைப்பார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் இவர்கள் பயிற்சி செய்துகொண்டிருப்பார்கள். ஒரு நாள் வேலி ஓரம் போனேன். இன்னொரு நாள் வேலியைத் தாண்டிப் போனேன். அவ்வளவுதான், ஆள் அவுட்.

என்னைப் பிடித்து இழுத்தது எது என்று கேட்டால் ஒன்றைச் சொல்வேன். கிரிக்கெட்டில் பந்தைத் தடுத்துவிட்டுச் சும்மா நிற்கலாம், மத்தியானச் சாப்பாடு வரைக்கும் நிற்கலாம். பேஸ்போலில் அந்தச் சலுகை கிடையாது. பந்து கோட்டுக்குள் விழுந்தால் ஓடியே ஆக வேண்டும். முதலாம் பேஸ், இரண்டாம் பேஸ், மூன்றாம் பேஸ் என்று தரையில் வைத்திருக்கும் மூன்று சதுரத் திண்டுகளைச் சுற்றி, அடிக்கிறவர் நிற்கும் ஹோம் என்ற இடத்துக்குத் திரும்பி வந்தால் ஒரு ரன். பேஸில் நிற்கிறவர் எந்த நேரமும் கள்ளத்தனமாக அடுத்த பேஸுக்கு ஓடலாம். கண்ணை எடுக்க முடியாது. எனக்குப் பொறுமை குறைவு. எனக்கென்றே செய்த விளையாட்டு அது.

பிறகு நாங்கள் தோர்ண்டன் ஹீத்துக்கு வீடு மாறினோம். மகன் படிக்க வேறு ஊருக்குப் போய்விட்டான். நான் மட்டும், எங்கள் அணி தன் மைதானத்தில் ஆடும் ஞாயிறுகளில், லண்டனைத் தெற்கிலிருந்து வடக்காகக் குறுக்கே வெட்டிக்கொண்டு போய் வருவேன். போவது பெரிய சந்தோஷம். திரும்பி வருவதுதான் கொடுமை. அப்படி ஓர் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, மனசுக்குள் எல்லாம் துள்ளிக்கொண்டிருக்க, ஒன்றரை மணிநேரம் வாயை மூடிக்கொண்டு ரயிலில் இருக்க வேண்டும். வீட்டுக்கு வந்து தொடங்கினால் கணவர் தலையை ஆட்டுவார், கண் டீ.வி.யில் இருக்கும். எனக்கு ஆட்டத்தைப் பற்றிக் கதைக்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் அவராக இருக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அதனால் போன கோடையில் ஒரு வெள்ளிக்கிழமை, சாப்பாட்டு மேசையில் வைத்து நேரடியாகக் கேட்டேன்.

"ஒரே ஒரு மேட்ச் வந்து பாருங்கோ. பிடிக்கேல்லை எண்டால் இனி இந்தச் சீவியத்தில கேக்கமாட்டன்."

"சத்தியமாக் கேக்கமாட்டீரோ?"

"சத்தியமாக் கேக்கமாட்டன்."

அவர் உடனே சம்மதித்தார். அவ்வளவு சுலபமாக என் வாயை அடைக்கலாம் என்றால் யார்தான் விடுவார்கள்? எனக்குக் கிடைத்தது ஒரே ஒரு ஆட்டம். அது சப்பென்று முடிந்தால் கதை முடிந்தது.

ஞாயிறு காலை வெயில் பளிச்சென்று அடித்தது. ரயில்பாதையில் வேலை நடக்கிறது என்று பாதிவழியில் இறக்கி, மாற்று பஸ்ஸில் ஏற்றினார்கள். "இந்த நேரத்துக்குப் பாரிசுக்கே போயிருக்கலாம்" என்றார் கணவர். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அணிக்காரருக்கென்று காலையில் நான் பொரித்த ரோல்ஸ் பெட்டி மடியில் சூடாக இருந்தது. அன்றைக்கு வருகிற எதிரணியை எங்கள் ஆட்கள் ஒருமுறைகூட வென்றதில்லை. அதை நினைக்க நினைக்க எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வழி நெடுக விதிகளைச் சொல்லிக்கொண்டு வந்தேன். அவர் ஒவ்வொன்றுக்கும் "கிரிக்கெட்டில அப்பிடி இல்லை" என்று தீர்ப்புச் சொல்லிக்கொண்டு வந்தார்.

மைதானத்துக்குப் போனால் எங்கள் கேப்டன் தலையில் கை வைத்துக்கொண்டு நிற்கிறாள். நெட்டையான பெண், பள்ளிக்கூட டீச்சர், என்னை "ஆன்டி" என்றுதான் கூப்பிடுவாள். ரயில் வேலையால் இரண்டு பேர் எங்கோ மாட்டிக்கொண்டார்களாம். எட்டுப் பேர்தான் இருக்கிறார்கள். ஒன்பது பேர் இல்லாமல் ஆட்டத்தைத் தொடங்க முடியாது. லீக் ஆட்டம் இல்லை, நட்புக்காக ஆடுவதுதான். யாரையாவது சேர்த்துக்கொள்ள எதிரணிக்கும் ஆட்சேபம் இல்லை. ஆனால் யாரைச் சேர்ப்பது?

நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. கணவரின் முதுகில் கையை வைத்து முன்னால் தள்ளினேன்.

"இவர் ஆடுவார். இருபது வருஷம் கிரிக்கெட் ஆடியவர்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

"உமக்கு விசரோ? என்ர முழங்கால்!" என்று அவர் தமிழில் பல்லைக் கடித்தார்.

"ஆட்டமே நடக்காட்டில் நான் கேட்ட ஒரு மேட்ச் கணக்கில வராது. திரும்பவும் கேப்பன்" என்றேன்.

அது வேலை செய்தது. அவர் என்னை முறைத்துக்கொண்டே அணியின் சட்டையை வாங்கிப் போட்டார். வயிற்றில் கொஞ்சம் இறுக்கம். கையுறையும் இறுக்கம், இரவல்தானே. கேப்டன் அவரை வலது பக்கத்து ஆகக் கடைசி மூலையில் நிறுத்தினாள். அங்கே பந்து வருவது குறைவு. அவரும் அதை உடனே புரிந்துகொண்டார் என்பது அவர் இடுப்பில் கை வைத்த விதத்தில் தெரிந்தது.

முதலில் மட்டை பிடிக்க வந்தபோது நடந்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. இரண்டாவது பந்தையே அடித்துவிட்டார். நல்ல அடி, தரையோடு போனது. நான் துள்ளி எழும்பினேன். மனுஷன் ஓடவில்லை. மட்டையை ஊன்றிக்கொண்டு, முதலாம் பேஸில் நின்ற எங்கள் அணிப் பையனைப் பார்த்து, போக்குவரத்துப் பொலிஸ்காரர் மாதிரிக் கையை உயர்த்தி "வெயிட்! நோ!" என்று கத்தினார். அந்தப் பையன் பாவம், ஓடுவதா நிற்பதா என்று தெரியாமல் நடுவில் நின்றான். இரண்டு பேரும் அவுட். எதிரணிக்காரர்கள்கூடக் கைதட்டினார்கள்.

"ஓடோணும் எண்டு பஸ்ஸில சொன்னனான்தானே!" என்று கத்தினேன்.

"அதில ரன் இல்லை!" என்று அவர் அங்கிருந்தே கத்தினார். அம்பயர் சிரிப்பை மறைக்க முகமூடியைக் கீழே இழுத்துவிட்டார்.

ஆனால் எங்கள் அணி அன்றைக்கு வேறு மாதிரி ஆடியது. கேப்டன் எறிந்த பந்துகள் கண்ணுக்கே தெரியவில்லை. அவர்கள் ஒரு ரன் எடுத்தால் நாங்கள் ஒன்று, அவர்கள் இரண்டு எடுத்தால் நாங்கள் மூன்று. கடைசிச் சுற்று வந்தபோது நாங்கள் ஒரு ரன் முன்னால். பக்கத்தில் நாயோடு நின்ற முன்பின் தெரியாத மனிதரின் தோளைப் பிடித்து உலுக்கினேன். அவர் கோபிக்கவில்லை, அவரும் அந்த நிலையில்தான் இருந்தார்.

எதிரணி மட்டை பிடிக்கிறது. இரண்டாம் பேஸில் ஒருத்தர், மூன்றாம் பேஸில் ஒருத்தர். மூன்று பேர் அவுட்டானால் அவர்கள் முறை முடியும்; எங்களுக்கு இன்னும் இரண்டு பேரை அவுட்டாக்க வேண்டும். அடுத்த ஆள் ஒரு மலைமாதிரி வந்து நின்று, அடித்தான் பாருங்கள், பந்து வானத்துக்குப் போய்விட்டது. எங்கே இறங்குகிறது என்று பார்த்தால், வலது பக்கத்து ஆகக் கடைசி மூலை.

அவர் ஓடினார். முழங்காலாவது மண்ணாங்கட்டியாவது. தலையைப் பின்னால் திருப்பிப் பந்தைப் பார்த்துக்கொண்டே ஓடினார். ஓடுகிறபோதே இடது கையை உதறிக் கையுறையைக் கழற்றி எறிந்தார். நான் "ஐயோ!" என்றேன். அவருக்கு அது இடைஞ்சல், அவர் பழகினது வெறும் கையால் பிடிக்கத்தான். கடைசி நொடியில் பாய்ந்து, இரண்டு வெறும் கைகளாலும் நெஞ்சுக்கு நேரே அந்தப் பந்தை அள்ளி எடுத்து, புல்லில் உருண்டு, எழும்பி நின்றார். பந்து கையில்!

மைதானமே அலறியது. அப்படி ஒரு கேட்சை நான் இந்த மைதானத்தில் கண்டதில்லை.

இங்கேதான் பேஸ்போலின் போக்கிரித்தனம் இருக்கிறது. பந்தைப் பிடித்தால் அடித்தவர்தான் அவுட், ஆட்டம் நிற்பதில்லை. பேஸில் காலை வைத்துக் காத்திருக்கிறவர்கள், பந்து பிடிபட்டதும் ஓடத் தொடங்கலாம். இதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. கேட்ச் பிடிப்பதைப் பற்றிக் கிரிக்கெட்காரருக்குப் பாடம் எடுப்பது மரியாதையில்லை என்று நான்கூட நினைத்துவிட்டேன்.

மூன்றாம் பேஸில் நின்றவர் புறப்பட்டுவிட்டார்.

"எறியுங்கோ! எறியுங்கோ!" என்று கத்தினேன். இரண்டு கைகளையும் விரித்து, குதித்துக் குதித்துக் கத்தினேன். அவர் என்னைப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு. பந்தைத் தலைக்கு மேலே உயர்த்திக் காட்டினார்.

ஒரு ரன் போனது. இரண்டாம் பேஸில் நின்றவர் மூன்றாம் பேஸுக்கு வந்தார், திரும்பிப் பார்த்தார், இவர் இன்னும் பந்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே நிற்பதைக் கண்டார், அவரும் ஹோமுக்கு ஓடினார். இரண்டாவது ரன்னும் போனது. கேப்டன் பாதி மைதானம் ஓடிப்போய்க் கையில் இருந்த பந்தைப் பறித்தபோதுதான் அவருடைய சிரிப்பு மெதுவாக இறங்கியது.

அவர்களுடைய மூன்றாவது ஆளும் அவுட்டாகி எங்கள் கடைசி முறை வந்தது, ஒரு ரன்கூட வரவில்லை. ஒரே ரன்னில் தோற்றோம்.

யாரும் அவரைக் குறை சொல்லவில்லை. கேப்டன் அவர் தோளில் தட்டி, அந்தக் கேட்சை வாழ்நாள் முழுக்க மறக்கமாட்டேன் என்றாள். எதிரணியில் அடித்த அந்த மலை வந்து அவர் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தான், கை சிவந்து வீங்கியிருந்தது. அவர் எல்லோருக்கும் "சொரி, சொரி" என்று சொல்லிவிட்டு, சட்டையை மடித்துக் கொடுத்துவிட்டு வந்தார்.

மாற்று பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இருந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். எனக்கு எல்லாம் போய்விட்டது என்று விளங்கிவிட்டது. இவ்வளவு அவமானத்துக்குப் பிறகு எந்த மனுஷன் திரும்பி வருவான்? இனி கேட்கவும் முடியாது, சத்தியம் பண்ணியாயிற்று. துக்கம் ஒரு பக்கம், கோபம் ஒரு பக்கம். என் வாய் எப்போதும் கோபத்தின் பக்கம்தான்.

"நான் தொண்டை கிழிய எறியுங்கோ எறியுங்கோ எண்டு கத்துறன், நீங்கள் பந்தைத் தூக்கிக் காட்டிக்கொண்டு நிக்கிறியள். ஆருக்குக் காட்டினனீங்கள்?"

"உமக்குத்தான்" என்றார்.

நான் திரும்பிப் பார்த்தேன். அவர் இன்னும் ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சங்கத்து மேட்சுகளில எத்தினை கேட்ச் பிடிச்சிருப்பன். ஒவ்வொருக்காவும் திரும்பிப் பாப்பன். நீர் அங்கால நிண்டு ஆருக்காவது சாப்பாடு குடுத்துக்கொண்டு நிப்பீர். இண்டைக்குத்தான் நீர் எழும்பி நிண்டு என்னைப் பாத்துத் துள்ளினதைக் கண்டன். என்ன கத்தினீர் எண்டே கேக்கேல்லை. சந்தோசத்தில கத்துறீர் எண்டு நினைச்சன்."

அவர் சொன்னது உண்மைதான். அந்த மேட்சுகளில் பெண்டுகளின் வேலை அது, மைதானத்தைப் பார்க்க யாருக்கு நேரம் இருந்தது? கோபம் எங்கே போனது என்றே தெரியவில்லை. அவருடைய வீங்கின கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன்.

"பாத்தனான்" என்றேன். "முழுக்கப் பாத்தனான்."

பிறகு சொல்லத் தொடங்கினேன். பந்து எவ்வளவு உயரம் போனது, அவர் எந்த நேரத்தில் திரும்பி ஓடினார், கையுறை எப்படிப் பறந்தது, எல்லாம். அவர் மெல்ல என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"கையுறையைக் கழட்டி எறிஞ்சனானோ? எனக்கு ஞாபகமே இல்லை."

"ஓம், ஓடேக்கையே எறிஞ்சனீங்கள்."

வீங்கின கையை என் மடியிலேயே விரித்து மடக்கிப் பார்த்தார்.

"அப்ப அந்த மூண்டாம் பேஸ்காரனை மறிக்கிறதெண்டால், நான் இன்னும் பின்னால போய் நிண்டு, முன்னால ஓடி வந்து பிடிச்சிருக்க வேணும். அந்த ஓட்டத்தோடயே எறியலாம். என்ன?"

பேஸ்போலில் அதைத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். அவருக்கு யாரும் சொல்லாமலே பிடிபட்டுவிட்டது.

"இவை அடுத்ததா எப்ப அங்க விளையாடுகினம்?" என்று கேட்டார்.

"அடுத்த ஞாயிறு இல்லை, அதுக்கு அடுத்த ஞாயிறு" என்றேன்.

"பாக்க மட்டும்தான் வருவன். திரும்பவும் முதுகில பிடிச்சுத் தள்ளிப்போடாதையும்."

"தள்ளமாட்டன்."

"இப்ப அந்தக் கேட்சை முதலில இருந்து இன்னொருக்காச் சொல்லும்."

சொன்னேன். பஸ் மாறி, ரயில் ஏறி, வீட்டு வாசல் வரும்வரைக்கும் சொன்னேன்.